கிணற்றடிக் கல்

பதினேழு வருடமாக எரிமலை படிப்பிக்கிறேன். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. கரும்பலகையில் ஒரு முக்கோணம், உச்சியில் சிவப்புச் சோக்கால் நாலு கீறல். அதுதான் என் எரிமலை. எப்படிப் புகையும் என்று பிள்ளைகள் கேட்டால், யன்னலுக்கு வெளியே தெரியும் நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைபோக்கியைக் காட்டுவேன். மணல்மேட்டைத் தவிர மேடே இல்லாத கரையில் வேறு எதைக் காட்டுவது?

சாதாரண தரப் பரீட்சையில் புவியியலில் கோட்டைவிட்ட என் தங்கை எரிமலையில் ஏறினாள். அவள் மாப்பிள்ளைக்கு இந்தோனேசியாவில் ஹோட்டல் வேலை. உச்சியில் நின்று எடுத்த வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள். பின்னால் பள்ளத்திலிருந்து புகை, முன்னால் அவளுடைய பெரிய சிரிப்பு. "மாஷா அல்லாஹ்" என்று பதில் போட்டேன். எனக்கு வயிறு எரிந்தது.

லீவுக்கு வந்தாள். என் வகுப்புப் பிள்ளைகளே வீடு தேடி வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

"டீச்சர் படிப்பிச்சத்த விட இது நல்லா வெளங்குது" என்றாள் ஒருத்தி.

அன்றைய தேத்தண்ணியில் சீனி இல்லை. மறந்துபோய் விட்டதல்ல.

அடுத்த நாள் குளிக்கப் போன தங்கை, பாதியில் ஓடிவந்தாள். கையில் எங்கள் கிணற்றடிக் கல்.

"ராத்தா, இது எங்கால?"

மேற்கே கடலிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்குக் கரையில் ஒதுங்கும் சாம்பல் நிறக் கல் அது. உடம்பெல்லாம் ஓட்டை, பாரமே இருக்காது. கடல் நுரை காய்ந்து கட்டியாகிப்போனது என்பார்கள். குதிகால் தேய்க்க வீட்டுக்கு வீடு ஒன்று வைத்திருப்போம். நானும் அதை நுரை என்றுதான் நம்பியிருந்தேன்.

எரிமலையில் பொறுக்கிய அதே மாதிரி ஒரு கல்லைத் தன் பையிலிருந்து எடுத்துவந்து, இரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டாள். இரண்டும் மிதந்தன.

"எரிமலைக் கல்லு ராத்தா! கடல்ல மிதந்து மிதந்து இங்க வந்திரிக்கி."

எரிமலைக் கல்லில் ஒருவகை நீரில் மிதக்கும் என்று எத்தனை வகுப்புக்கு எழுதிப் போட்டிருப்பேன்! அதே கல்லால்தான் இத்தனை வருடம் குதிகால் தேய்த்திருக்கிறேன். அதையும் இவள்தான் வந்து கண்டுபிடிக்க வேண்டுமா?

திங்கட்கிழமை கல்லை வகுப்புக்குக் கொண்டுபோய் மிதக்கவிட்டேன். தங்கையும் கூட வந்து பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"நீங்களா டீச்சர் கண்டுபிடிச்ச?" என்று கேட்டாள், முன்பு சொன்ன அதே பிள்ளை.

"ஓம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்குக் கூசியது. வகுப்பு முழுவதும் பின்னால் திரும்பித் தங்கையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். வாயைத் திறந்தாளென்றால் என் பதினேழு வருடமும் போச்சு.

"ஓம், ராத்தாதான் எனக்கும் காட்டித் தந்த" என்று சொல்லி, வீடியோவில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

எரிமலையை விட, அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இப்போது பொறாமை.