எல்லாருக்கும் ஒரே குழாய்

"மெக்கானிக்கல் லேப்ல எவன் மோட்டார் வச்சது?"

கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், திரையைப் பார்த்தபடியே தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார் மலர்க்கொடி. மறுமுனையில் லேப் உதவியாளர் லூர்துசாமி ஏதோ சமாதானம் சொன்னார். "என்னாது, படமா? அதுவும் ரெண்டு படம்! நீ படம் எறக்க, லைப்ரரில அத்தன புள்ளைங்க கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. நீயா நிறுத்துறியா, நான் கழுத்த நெரிக்கட்டா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கீபோர்டில் நாலு தட்டு தட்டினார். லூர்துசாமியின் படம் அன்றைக்கு இறங்கவே இல்லை.

சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவே இருக்கிற எங்கள் பொறியியல் கல்லூரியில் இன்டர்நெட்டைப் பார்த்துக்கொள்கிறவர் இவர். நான் கணக்கு வாத்தியார். இவர் அறையில் ஏசி உண்டு என்பதால் வகுப்பில்லாத நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். இவருடைய கோபத்தைக் கேட்பதிலும் எனக்கு ஒரு ருசி.

'மோட்டார்' இவருடைய ஊரான கிள்ளையிலிருந்து வந்த சொல். இவர் வீட்டுத் தெருவுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டுக்காரர் மட்டும் அதில் மோட்டார் வைத்து உறிஞ்சிவிடுவார். மற்றவர்களுடைய குடங்கள் காற்று வாங்கும். சிறுமியாக இருந்தபோது அந்த மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டு, அந்த வீட்டுக்காரரிடமும் பிறகு சொந்த அப்பாவிடமும் அடி வாங்கியவர். "அடி எனக்கு மட்டும்தான். தண்ணி தெருவுக்கே வந்துச்சில்ல?" என்பார். இன்றும் இவர் பார்க்கும் வேலை அதுதான்.

முன்பெல்லாம் நெட்டைப் பங்கிட ஒரு கருவி, யார் எங்கே போனார்கள் என்று பார்க்க இன்னொன்று. இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி பேசிக்கொள்ளாது. இந்த 2010 தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்யும் புதுப் பெட்டி வந்தது. வேண்டாத தளத்தைத் தடுக்கும், பங்கு பிரிக்கும், எல்லாவற்றையும் ரிப்போர்ட்டாக அச்சடிக்கும். யாருக்காவது தனிச் சலுகை கொடுத்தால் அதையும் பெயரோடு அச்சடித்துவிடும், மறைக்க வழியில்லை. மலர்க்கொடிக்கு அதில் பிடித்ததே அந்தக் குணம்தான். "ஆனா ஒண்ணு சார், எங்க போனாங்க, எவ்ளோ நேரம் இருந்தாங்கன்னுதான் இதுக்குத் தெரியும். எதுக்குப் போனாங்கன்னு தெரியாது. தெரிஞ்ச மாரி பேசறவன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்கணும்."

தேய்க்க வேண்டிய வாய் கல்லூரிச் செயலாளர் வைத்திலிங்கத்துடையது. ஏப்ரலில் ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. நெட் விதிப்படி நடக்கிறது என்பதற்கு ரிப்போர்ட் வேண்டும். மலர்க்கொடி கல்லூரி முழுவதற்கும் எடுத்துக் கொடுத்தார். செயலாளருக்கு அது ருசிக்கவில்லை. "பசங்க, ஆபீசு எல்லாம் எதுக்கு? லேடீஸ் ஹாஸ்டல் மட்டும் பேரோட குடும்மா." முடியாது என்று இவர் சொல்ல, அலுவலகத்தில் வேறொருவரை வைத்து எடுத்துக்கொண்டார்கள். அதில் மாட்டியவள் இரண்டாம் ஆண்டு அனுப்பிரியா. தினமும் சாயங்காலம் ஒரு சாட் தளத்தில் அரை மணி நேரம். உடனே அவள் அப்பாவுக்குப் போன் போனது: பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

அவள் அப்பா தங்கராசு அண்ணாகிராமம் பக்கத்து முந்திரிக் கொல்லைக்காரர். கெஞ்சிப் பார்க்க ஒரு பெரிய பலாப்பழம், கெஞ்சியும் நடக்காவிட்டால் பெண்ணின் துணிகளை எடுத்துப்போக ஒரு காலிப் பை. பழத்தைக் கேட்டில் வாட்ச்மேனிடம் வைத்துவிட்டுப் பையோடு வந்தார். செயலாளரே அவரை இந்த அறைக்கு அழைத்து வந்து திரையைக் காட்டினார். தங்கராசு திரையைப் பார்க்கவே இல்லை. "படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க அய்யா," என்று தரையிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சம்பளம் வாங்குகிற வாய் அவ்வளவு சுலபத்தில் திறக்காது.

மலர்க்கொடி திறந்தார். "யாருகூட என்னா பேசுச்சுன்னு இதுல எங்க சார் இருக்கு?"

"அது எதுக்கு? சாட் கூடாதுன்னு ரூல் இருக்கில்ல?"

"ரூல் எல்லாருக்குமா சார்?"

"காலேஜ்னா எல்லாருக்கும்தான்."

"அப்ப போட்டுடட்டுங்களா?"

"போடும்மா. அதான ஒன் வேல."

அதுவரை அறிவிப்புப் பலகையில் மட்டும் இருந்த விதியை இவர் பெட்டியில் எல்லாருக்குமாகப் போட்டார்.

ஐந்தரை மணிக்கு இன்டர்காம் அலறியது. அமெரிக்காவில் செயலாளரின் பேரன் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். தினமும் தாத்தா அதே சாட் தளத்தில்தான் அவனுக்கு டாட்டா காட்டுவார்; கொஞ்சல் வராந்தா முழுக்கக் கேட்கும்.

"ரூல் சார்," என்றார் மலர்க்கொடி. "ஒங்களுக்கு மட்டும் எடுத்து விடலாம் சார். ஆனா இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்ல ஒங்க பேரு மட்டும் தனியா வரும். பரவால்லியா?" மறுமுனை அவசரமாக வேண்டாம் என்றது. "எல்லாருக்கும் எடுக்கலாம் சார். எடுத்தா அந்தப் பொண்ணு செஞ்சது தப்பில்லன்னு ஆவுது. அவுங்க அப்பா பொண்ணக் கூட்டிட்டுப் போவ கேட்டுலதான் நிக்கிறாரு, அவருகிட்ட நீங்களே போயி சொல்லிடுங்க. நான் பாத்துட்டு எடுத்து விடறேன்." இந்த வேலை போனால் கிள்ளையில் இவர் வீட்டில் அடுப்பு எரியாது. குரலில் அது தெரியவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். செயலாளர் கேட்டுக்குப் போய், தங்கராசுவின் தோளில் தட்டி ஏதோ சொன்னார். தங்கராசு கும்பிட்டார். துணிகளோடு வந்து நின்ற மகளிடம் திரும்பிப் போகச் சொல்லிக் கை காட்டினார். அவள் ஹாஸ்டல் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மலர்க்கொடியின் விரல் தட்டத் தயாராக இருந்தது.

அப்போது தங்கராசு குனிந்து பலாப்பழத்தைத் தூக்கினார்.

"அண்ணே, குடுக்காதீங்க! அண்ணே!" இவர் கண்ணாடியில் ஓங்கித் தட்டினார். ஏசி அறை, சத்தம் வெளியே போகவில்லை. செயலாளர் டிரைவரைக் கூப்பிட்டார். பழம் காருக்குள் போனது. பிறகு எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, முடிந்தது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மலர்க்கொடி விரலை எடுத்துக்கொண்டார். "நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று திரையை அணைத்தார். நாங்கள் வெளியே வந்தபோது இன்டர்காம் மறுபடி அலறத் தொடங்கியது. இவர் கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக இழுத்துப் பார்த்தார்.