அண்ணி என்று கூப்பிட்ட குழாய்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் ஒழுகத் தொடங்கியபோது எனக்கு ஏழோ எட்டோ வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருந்தோம். முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு வரிசை வீடுகள். எங்கள் அடுப்படியின் பின்சுவர்தான் பின்வரிசை வீட்டு அடுப்படிக்கும் பின்சுவர். தண்ணீர்க் குழாய் அந்த வீட்டுக்குள் வந்து, அங்கே ஒரு வால்வைத் தாண்டி, சுவரைத் துளைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும். தெருமுனைக் குழாயில் வாளியோடு காத்து நின்றவர்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவது பெரிய கௌரவம். அதனால் அந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

முதலில் மிளகாய்த்தூள், மல்லித்தூள் டின்கள் வைத்திருந்த பலகைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. கொஞ்ச நாளில் அது பாய் அகலத்துக்குப் பரவி, சுண்ணாம்பு உப்பிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தரையில் எப்போதும் சின்னக் குளம் ஒன்று நின்றது.

இதில் அப்பாவின் மானம் சம்பந்தப்பட்டிருந்தது. அவர் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். நீராவிக் குழாய்கள் கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னலா ஃபிட்டரே, எஞ்சின வீட்டுக்குள்ளயே கொண்டாந்து கட்டிட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். ஆனால் அன்று சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு விளங்காமல் போனது அம்மாவின் நடவடிக்கைதான். ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தினாலே வீட்டை இரண்டாக்கிவிடுகிறவள், இந்தக் குளத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். "மழைத் தண்ணிதான். வெயில் அடிச்சா காஞ்சிரும்" என்றாள். அப்பா கூரையில் ஏறி ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கூரையில் ஒரு குற்றமும் இல்லை. "அப்ப குளிக்கிற தொட்டிதான்" என்றாள் அம்மா, உடனே.

அப்பா தொட்டியைச் சந்தேகப்பட்டதும் ஒரு சோதனை செய்தார். துணிக்குப் போடும் நீலத்தைத் தொட்டி நிறையக் கரைத்துவிட்டு, சுவரடியில் ஒரு பீங்கான் தட்டை வைத்தார். தட்டில் நீலத் தண்ணீர் வந்தால் தொட்டி ஒழுகுகிறது என்று அர்த்தம். அதில் யாரும் குளிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னவர் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். மறுநாள் தட்டில் இருந்த தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. நீலம் ஏறியிருந்தது எனக்கு மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் காதுமடலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது கூத்துக் கட்டுகிற பழக்கம் உண்டா என்று கேட்டார்.

இதற்கிடையில் எனக்கு வேறொரு குழப்பமும் சேர்ந்திருந்தது. ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "வயித்து வலி வந்தா வெந்நீர் குடி. படுத்தே கெடக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். திடுக்கிட்டுத் திரும்பியவள், "சாமிகிட்டப் பேசுறேன். அப்பாகிட்டச் சொல்லாத" என்றாள். சாமி படங்கள் எல்லாம் முன்னறையில் இருந்தன. அடுப்படியில் எந்தச் சாமி இருக்கிறது, அதற்கு எதற்கு வயிறு வலிக்கிறது என்று நான் வெகுநேரம் யோசித்தேன். அப்பாவிடம் ஏன் சொல்லக்கூடாது என்பதும் தெரியவில்லை. அப்பாவும் விபூதி பூசுகிறவர்தானே.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா ஷெட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த பெரிய ஸ்பானரையும் ஒரு நீளமான மூங்கில் குச்சியையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். கசிவு குழாயில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். சுவர் முழுவதையும் உடைக்க முடியாது. குச்சியின் ஒரு முனையைச் சுவரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் பீறும் சத்தம் கேட்கும். சத்தம் எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே உடைத்தால் போதும். ஆனால் வருஷக்கணக்காகக் கொதிகலன்களுக்குள் சுத்தியல் சத்தம் கேட்டு அப்பாவின் காது மந்தமாகியிருந்தது. "நீ வா பாப்பா. ஒனக்குத்தான் பாம்புக் காது" என்று என்னைக் கூப்பிட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா மட்டும், "புள்ளைக்குப் பசிக்கும். சாப்பிட்டுட்டுச் செய்யலாம்ல?" என்றாள். நாங்கள் அப்போதுதான் சாப்பிட்டிருந்தோம்.

அப்பா குச்சியை நகர்த்தி நகர்த்தி வைத்தார். ஓரிடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. இன்னோரிடத்தில் எங்கோ தூரத்தில் தோசை வார்ப்பதுபோல் ஒரு சத்தம். டின்கள் இருந்த பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் அந்தச் சத்தம் நன்றாக வலுத்தது. அதோடு இன்னொன்றும் கேட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் கேட்டேன்.

"என்ன கேக்குது?"

"தண்ணி பேசுதுப்பா."

"என்னன்னு பேசுது?"

"அண்ணி, அண்ணின்னு கூப்பிடுது."

அப்பா சிரித்துவிட்டார். "தண்ணி தண்ணின்னுதான் சொல்லும். நல்லாக் கேளு."

நான் நன்றாகத்தான் கேட்டிருந்தேன். அம்மா அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த பானை கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

அப்பா பலகையைக் கழற்றப் போனார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "டின்னெல்லாம் கலைஞ்சிரும். நாளைக்கு நானே எடுத்து வச்சிர்றேன். அப்புறமாப் பாருங்க" என்றாள். அப்பா டின்களை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்துவிட்டுப் பலகையை எடுத்தார்.

பலகைக்குப் பின்னால் குழாய் சுவருக்குள் போகும் இடத்தைச் சுற்றியிருந்த பூச்சு, வேலை செய்தவர்கள் விட்டுப்போனபடி இல்லை. யாரோ கரண்டிக் காம்பால் வெகு நாளாகச் சுரண்டிச் சுரண்டி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். பிடிமானம் போன குழாய், தண்ணீர் திறக்கும்போதெல்லாம் ஆடி, சுவருக்குள் இருந்த இணைப்பு தளர்ந்திருந்தது. ஓட்டையில் அம்மாவின் பழைய புடவைக் கிழிசல் அடைத்திருந்தது. அப்பா அதைப் பிடித்து இழுத்தார். கிழிசலோடு ஒரு வசம்புத் துண்டும் வெளியே வந்து விழுந்தது. குழந்தைக்குக் கையில் கட்டுவதற்காக நூல் கோத்த வசம்பு.

அப்பா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நம்ம வீட்டுத் தொட்டில்ல யாரு கெடக்கா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் தொட்டிலே இல்லை. அம்மா தரையைப் பார்த்தபடி, "பொம்பளப் புள்ள பொறந்திருக்கு" என்றாள்.

யாருக்கு என்று நான் கேட்பதற்குள், இழுத்த இழுப்பில் அசைந்திருந்த இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் பீறிட்டு அடித்தது. அப்பாவின் முகம், சட்டை எல்லாம் நனைந்தன. உள்ளங்கையால் பொத்தினார். விரலிடுக்கெல்லாம் தண்ணீர் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் பாத்திரங்கள் உருள்வதும் ஒரு குழந்தை அழுவதும் கேட்டன.

"சொல்லு. அந்தப் பக்கம் வால்வை மூடச் சொல்லு!" என்று அம்மாவிடம் கத்தினார் அப்பா.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "ஒங்களுக்கும் வாய் இருக்குல்ல? நீங்களே சொல்லுங்க."

அப்போது நான் அறியாததை இங்கே சொல்லிவிட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. தந்தி ஆபீசில் வேலை பார்த்த, மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரரைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து அப்பா தங்கையின் பேச்சையே வீட்டில் எடுக்கவிடவில்லை. பிறகு அந்த மனிதருக்கு ரயில்வேயிலேயே வேலை கிடைத்து, கோட்டர்ஸ் ஒதுக்கியவர்கள் எங்கள் குடும்பக் கதையைக் கேட்காமல் பின்வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். பின்வரிசைப் பக்கம் போகக்கூடாது என்று எனக்குக் கட்டளை இருந்தது. அங்கே நாய் கடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தாய் இல்லாத அந்தப் பெண் தலைப்பிள்ளை சுமந்த மாதங்களில்தான் அம்மா சுவரைச் சுரண்டினாள்.

இதெல்லாம் தெரியாத நான் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, பெரியவர்கள் ஏன் இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திகைத்தேன். சுற்றி ஓடிப்போய் நான் சொல்லிவிட்டு வரட்டுமா என்றேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் முன்னறைப் பக்கம் ஓடத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது.

அப்பா கடைசியில் ஓட்டைக்கு நேராகக் குனிந்தார்.

"வால்வை மூடு."

ரொட்டிக்காரரிடம்கூட 'வாங்க, போங்க' என்று பேசுகிற அப்பா, முகம் தெரியாத ஒரு வீட்டுப் பெண்ணை 'மூடு' என்று சொன்னது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அப்புறம் குச்சி இல்லாமலே கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"எந்தப் பக்கம் திருப்பணும், அண்ணே?"

"சோத்துக்கைப் பக்கம்" என்றார் அப்பா. பிறகு, "மெதுவா. துரு புடிச்சிருக்கும், கையக் கிழிச்சிரும். துணியச் சுத்திட்டுத் திருப்பு" என்றார்.

தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலைப் பேச்சுதான். அப்பா இணைப்பைக் கழற்றி, மரையில் சணல் நார் சுற்றி, பெயின்ட் பூசி மறுபடியும் பொருத்தினார். "ஆடாமப் புடிச்சுக்க" என்றார். "புடிச்சிருக்கேன்" என்றது குரல். ஸ்பானரால் இறுக்கினார். "இப்பத் தொற" என்றார். சுவருக்குள் குழாய் ஒருமுறை இருமியது. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இவ்வளவு சின்ன வேலையில் இறுக்கியதையே ஏன் அப்பா மறுபடி மறுபடி இறுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. எஞ்சினையே பிரித்து மாட்டுகிறவர் அவர்.

அப்பா சிமென்ட் குழைத்தார். அம்மாவின் முகம் மாறியது.

"அடைக்கப் போறீங்களா?"

"அடைக்காம? ஓட்டையை விட்டா பைப்பு மறுபடியும் ஆடும்." சிமென்டைக் குழாயைச் சுற்றி அப்பி, கட்டைவிரலால் வழுவழுப்பாகத் தேய்த்தார். முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "பேசணும்னா அவங்களுக்கும் வாசல் இருக்கு."

அம்மா கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டாள். வசம்பை எடுத்துக்கொண்டாள். ஒரு டின்னிலிருந்து சுக்கு, இன்னொன்றிலிருந்து பூண்டு, ஒரு குப்பி நல்லெண்ணெய் என்று கூடை நிறைய அடுக்கினாள். ஈரப் பாவாடையோடேயே என்னை இழுத்துக்கொண்டு, வரிசையின் கடைசிவரை நடந்து, பின்வரிசைக்குப் போனாள். நான் நாயைத் தேடிக்கொண்டே போனேன். நாய் இல்லை.

அந்த வீட்டில் தலையிலிருந்து கால்வரை நனைந்த ஒரு பெண், கையில் இன்னும் துணி சுற்றியபடி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அம்மாவைப் பார்த்ததும், "பேசிட்டாங்க அண்ணி" என்று சொல்லிச் சிரித்தார். உடனே அழுதார். அம்மாவும் அப்படியே செய்தாள். வீடு பூராவும் தண்ணீர் நிற்கும்போது துடைப்பத்தை எடுக்காமல் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு வினோதமாக இருந்தது. "அத்தைன்னு கூப்பிடு" என்றாள் அம்மா. கூப்பிட்டேன். தெருவில் பாதிப் பேரை அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"அந்தப் பக்கம் ஒழுகுதா?"

"போய்ப் பாத்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒழுகலப்பா" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, பின்வீட்டில் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஒழுகவில்லை என்று வந்து சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் அனுப்பினார். ஒழுகவில்லை. ஒவ்வொரு தடவையும் சுவர் எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்து, வீட்டில் யார் இருந்தார்கள், என்ன சமையல், குழந்தை கவிழ்ந்துகொள்கிறதா, அழுகிறதா என்று கேட்பார். குழாய்க்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தான் செய்த வேலையின்மேல் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது என்று நினைத்து, அவருக்காக வருத்தப்பட்டேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளிடம்கூட இதைச் சொல்லவில்லை.

குழந்தை நடக்கத் தொடங்கியபின் ஒரு ஞாயிறு, நான் யாரையும் கேட்டுக்கொள்ளாமலே அதை இடுப்பில் தூக்கி வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டேன். அது தத்தித் தத்திப் போய் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. அப்பா கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். சாயங்காலம் குழந்தையைத் தேடி அத்தை வந்து வாசலில் நின்றபோது அப்பா, "உள்ள வா" என்றார்.

அதற்குப் பிறகு பின்வீட்டில் ஒழுகுகிறதா என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை. சரி, குழாய் ஒருவழியாகக் கெட்டிப்பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.