புளியமரத்து ஆன்டெனாவும் வெள்ளிச் சட்டைக்காரியும்

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விண்வெளித் தொடர் வந்துகொண்டிருந்தது. நரைத்த தாடி வைத்த ஒரு கேப்டன், அட்டையில் செய்த கப்பல், உரச்சாக்கை மாட்டிக்கொண்டு வந்து உறுமும் வேற்றுக்கிரகத்து ஆட்கள். கப்பல் ஆடுகிறதாம், அதைக் காட்ட உள்ளே இருப்பவர்கள் தாங்களே சாய்ந்து சாய்ந்து நிற்பார்கள். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகும் பஸ்ஸில் நாங்கள் இதைவிட நன்றாக ஆடுவோம்.

அது முடிந்ததும் அதிலிருந்தே ஒரு குட்டித் தொடரைக் கிளப்பி, இளவட்டங்களுக்கென்று போட்டார்கள். கேப்டனின் மகளும் அவள் கூட்டாளிகளும் தனிக் கப்பலில் வழிதவறிவிட்டார்கள், பூமிக்கு, வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கதை. அவள் போட்டிருந்த வெள்ளி நிறச் சட்டைக்காகப் பதினாறு வயதில் நான் ஏங்கிய ஏக்கத்தை இப்போது சொல்ல எனக்கொன்றும் வெட்கமில்லை.

தொடர் இந்தியில். ஜவ்வாது மலையில் எங்களுக்கு இந்தியும் ஒன்றுதான், உரச்சாக்கு ஆசாமியின் உறுமலும் ஒன்றுதான். தோல் பதனிடக் கடுக்காய் வாங்க வாணியம்பாடியிலிருந்து வந்து, எங்கள் ஊரிலேயே கடை போட்டுவிட்ட பாய்தான் எங்களுக்குக் கதை சொல்லி. உருது தெரிந்தவருக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கப்பலில் டீசல் தீர்ந்துபோச்சாம், பொண்ணு கவலைப்படுது என்று சொல்லிக்கொண்டே வருவார். விண்வெளியில் டீசல் ஏது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருஷம்தான் என் அத்தை, அப்பாவின் தங்கை, புருஷன் வீட்டை விட்டு வந்தாள். குடித்துவிட்டு அவன் விட்ட அறையில் இடது காது போய்விட்டது. செத்தாலும் திரும்பிப் போகமாட்டேன் என்று எங்கள் வீட்டில் சொல்லிவிட்டாள். அவனோ நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி வழக்கு என்றால் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடும், ஊர்க்கவுண்டர் விசாரிப்பார், அங்கே கொடுத்த வார்த்தையை யாரும் மாற்றக்கூடாது. பெருசுகள் வழக்கம்போல அனுசரித்துப் போம்மா என்று ஆரம்பித்தார்கள். அடி வாங்காத காதுகளுக்கு அனுசரிப்பது சுலபம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை எழுந்து நின்று சொன்னாள்: "டி.வி.ல வர்ற அந்தப் பொண்ணு என்னிக்கு வூடு போய்ச் சேருதோ, அன்னிக்கு நானும் போறேன்."

கவுண்டர் அதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வரிசையில் உட்காருகிறவரே அவர்தான். மாமாவும் சரியென்றான். கதையில் வருகிற பெண் எப்படியும் வீட்டுக்குப் போய்த்தானே ஆகவேண்டும் என்பது அவன் கணக்கு. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், எண்ணெய் வழிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான்.

அத்தை நம்பியது வேறு. பெரிய தொடர் இழு இழு என்று இழுத்ததே, இதுவும் அப்படித்தான் போகும் என்று நினைத்துவிட்டாள். ஆனால் இதை ஊரில் உலகத்தில் ஒருவரும் ரசிக்கவில்லை போலிருக்கிறது. கொடியில் பூசணி பழுப்பதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். வருகிற ஞாயிறோடு கதை முடிகிறதாம் என்று பாய் வந்து சொன்னபோது அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிறு படம் லேசாக ஆடியது. பஞ்சாயத்து ஆபீஸை ஒட்டிய புளியமரத்து உச்சியில்தான் ஆன்டெனா கட்டியிருந்தது. கதை முடிவது தெளிவாகத் தெரியட்டும் என்று மாமாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். ஏறி, ஒரு திருப்பு திருப்பினான். குழாயோடு முறிந்து அவன் கையில் வந்துவிட்டது. படம் போய், திரையெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவன் மேலிருந்து "வந்துச்சா?" என்று கேட்பான். நாங்கள் கீழிருந்து "இல்ல" என்போம். அவன் உலுக்க உலுக்கப் புளியம்பழம்தான் வந்தது. டி.வி.யில் இரைச்சலுக்கு நடுவே பேச்சு, ஒரு பொம்பளை கேவிக் கேவி அழுகிற சத்தம், அப்புறம் பாட்டு. யாரோ செத்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

மாமா இறங்கி வந்ததும் கவுண்டர் பாயைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா பாய், பொண்ணு போய்ச் சேர்ந்துச்சா?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லீங்க. கப்பல் இன்னும் மேலயே சுத்துது. அப்படியே நிறுத்திட்டாங்க."

அப்படியென்றால் இவளும் போகவேண்டியதில்லை என்று கவுண்டர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். மாமா குதித்தான். ஆன்டெனாவை உடைத்தது யாரப்பா என்று ஒரே கேள்வி கேட்டார், அடங்கிவிட்டான்.

வேலூரில் நான் வேலைக்குப் போய் நாலு இந்தி வார்த்தை கற்றுக்கொண்ட பிறகு, ஊருக்கு வந்தபோது பாயிடம் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பொண்ணு அன்றைக்கே வீடு சேர்ந்துவிட்டது, அதன் அம்மா கட்டிப்பிடித்து அழுதாள் என்றார். பெரிய ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். அவள் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"அது ஊருக்கே தெரியும். ஒரு தாயி அழுவறது புரியறதுக்கு பாயி எதுக்கு?" என்றாள். "எனக்கு அவன் அடிச்சதுல ஒரு காதுதாண்டி போச்சு."