நன்கொடைக்குத் தாம்பூலம் வைத்த கதை

நான் இருக்கும் ஜெர்மன் நகரத்தில், வேண்டாத பொருள்களை அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டு வாசலில் வைத்துவிடுகிறார்கள். பீங்கான் கோப்பை, பழைய ஷூ, பாதி எரிந்த மெழுகுவர்த்தி. மேலே ‘ட்சு ஃபெர்ஷெங்கன்’ என்று எழுதியிருக்கும். இனாம், எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். வந்த புதிதில் அப்படி ஒரு மேசை விளக்கை எடுத்தேன். சும்மா எடுத்துப் போக மனம் வரவில்லை. அறைக்குப் போய், ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கில் ஒரு பாக்கெட்டை எடுத்துவந்து அந்த வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் முறுக்கையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “நான் வாசலில் எதுவும் வாங்குவதில்லை” என்று சாத்திக்கொண்டார். விற்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். அன்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அதே சங்கதி பிறகு வரி அலுவலகத்தில் நடந்தபோது சிரிப்பு வரவில்லை.

எனக்கு மதுராந்தகம். என் நண்பன் ஏழுமலைக்குச் செங்கல்பட்டு, ரயில் பாதையை ஒட்டிய வீடு. கல்லூரி இறுதியாண்டில் இருவரும் சேர்ந்து, தமிழ் எழுத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினோம். கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. அதில் பேசும் குரல் ஏழுமலையுடையது. ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு மின்சார ரயில் போய் அடுத்தது வருவதற்குள் பாடப்புத்தகத்திலிருந்து நாலு வாக்கியம் படிப்பான். எக்ஸ்பிரஸ் வந்துவிட்டால் கையை உயர்த்துவான், நான் பதிவை நிறுத்துவேன். இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. திருக்கழுக்குன்றத்தில் வரலாறு நடத்தும் காஞ்சனா டீச்சர்தான் முதலில் பயன்படுத்தியவர். கண்பார்வை இல்லாதவர். அடுத்த நாள் பாடத்தை யாராவது படித்துக்காட்ட வேண்டும் என்று அதுவரை காத்துக்கிடந்தவர். ஒரு வாரம் கேட்டுவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். “இனிமே நான் யாரையும் கெஞ்ச வேணாம் தம்பி. ஆனா இந்தப் பையன் மூச்சே வுடாம படிக்கிறான். எங்கனா நிறுத்தி எச்சி முழுங்கச் சொல்லு.”

எனக்கு இங்கே வேலை கிடைத்தது. ஏழுமலை தன் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மென்பொருளில் இறங்கினான். அவன் சாப்பாட்டுக்கு வழி, இணையத்தில் பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டும் கூட்டுநிதி. நாங்கள் தேர்ந்தெடுத்த தளம் இந்திய வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாது. ஆகவே பக்கத்தை என் பெயரில் திறந்தோம். என் ஜெர்மன் கணக்குக்கு வருவதை மாதம்தோறும் நான் அவனுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. ‘நன்கொடை தாருங்கள்’ என்று மட்டும் எழுதி முடித்திருந்தேன். ஏழுமலைக்கு அது உறுத்தியது.

“சும்மா வாங்கினா பிச்ச மாதிரி கீது மச்சான். கல்யாணத்துக்கு வந்தவன வெறுங்கையோடவா அனுப்புவ? ஒரு தேங்கா, வெத்தல பாக்கு, எதனா பையில போட்டுக் குடு.”

“இங்கிருந்து தேங்காயை எப்படிடா அனுப்புறது?”

“அவங்க ஊர் பேர அனுப்பச் சொல்லு. நம்ம குரல் ஊர் பேரெல்லாம் கன்னாபின்னான்னு சொல்லுதுல்ல, பணம் குடுத்தவன் ஊர முதல்ல சரி பண்ணிக் குடுப்போம்.”

எனக்கு அந்த யோசனை அவ்வளவு பிடித்துப்போனது. அதையே பக்கத்தின் தலையில் பெரிதாகப் போட்டேன். டொராண்டோவிலிருந்து, தோஹாவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து பணம் வந்தது. கூடவே ஊர்ப் பெயர்கள். மாநகரங்களை யாரும் அனுப்பவில்லை. பேருந்துப் பலகையில்கூட ஏறாத குக்கிராமங்கள்தான் வந்தன. ஏழுமலை ஒவ்வொன்றையும் பொறுமையாகத் திருத்தி, ஒலியாக அவர்களுக்கு அனுப்பினான். தன் ஊர்ப் பெயரை அலைபேசியின் அழைப்பு மணியாக வைத்துக்கொண்டதாக ஒருவர் எழுதியிருந்தார். இது ஓடிவிடும் என்று அப்போது நான் உண்மையாகவே நம்பினேன்.

வரியை ஏய்க்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை. முதல் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது நானாகவே ஃபினான்ட்ஸ்அம்ட் என்கிற வரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் கனிவாகத்தான் பேசினார். இது நன்கொடையா என்றார். ஆம் என்றேன். கொடுத்தவருக்குப் பதிலுக்கு ஏதாவது உண்டா என்றார். நான் பெருமையாக, யாரையும் நாங்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்று ஊர்ப் பெயர்க் கதையைச் சொன்னேன். அவர் தாளில் ‘கெகென்லைஸ்டுங்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதினார். பதிலுக்குத் தருவது, கைம்மாறு. கைம்மாறு இருந்தால் அது நன்கொடை இல்லை, விற்பனை. விற்பனை வரி உண்டு, வருமான வரியும் உண்டு. பதறிப்போய் நம்மூர்த் திருமணம், தாம்பூலப் பை எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டவர், “வாழ்த்துகள், திருமணம் எப்போது?” என்றார்.

அடுத்த கேள்வி அதைவிடக் கொடுமை. இந்தியாவில் வேலை செய்தவருக்கு அனுப்பிய பணத்துக்குப் பில் எங்கே? நண்பனிடம் யாராவது பில் கேட்பார்களா? கேட்டிருந்தால் ஏழுமலை ஒரு மாதம் என்னோடு பேசியிருக்க மாட்டான். பில் இல்லாவிட்டால் அது செலவாகாது, வந்த பணம் முழுவதும் என் லாபம் என்றார். கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுத்திருந்தோம், கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் இருந்தோம். இரண்டுமே எங்கள் வீடுகளில் மரியாதை என்று சொல்லிக்கொடுத்தவை. போதாக்குறைக்கு என் விசா சம்பள வேலைக்கானது. சொந்தத் தொழிலுக்குத் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். பக்கத்தை மூடினேன்.

இதைப் போனில் சொல்ல முடியாமல் விடுமுறையில் ஊருக்குப் போனேன். மாமல்லபுரத்தில் சுற்றுலாக் கூட்டத்தைத் தாண்டி, படகுகள் ஏற்றிவைத்திருக்கும் மணலில் உட்கார்ந்தோம். நான் வாயைத் திறக்கும் முன் ஏழுமலை தன் பக்கத்துக் கதையை ஆரம்பித்தான். செங்கல்பட்டில் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்திருக்கிறான்.

“வேலைக்குக் கூலின்னா வருமானமாம், வரி. சும்மா குடுத்தான்னு சொன்னா, சொந்தக்காரன் இல்லாதவன் வருஷத்துல அம்பதாயிரத்துக்கு மேல குடுத்தா அதுவும் வருமானமாம். கல்யாணத்துல வர மொய்க்கு மட்டும் வரி இல்லியாம். பேசாம உன்னியே கட்டிகினு ஊரெல்லாம் மொய் வாங்கிக்கலாம் போல கீது.”

சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் என் கதையைச் சொல்லி முடித்தேன். அவன் மணலைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கலாமே” என்றேன்.

“கேட்டேன்டா. வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனி அனுமதி வேணும். அதுக்கு டிரஸ்ட் சில வருஷமாவது நடந்திருக்கணும். பணமே இல்லாம இன்னாத்த நடத்துறது? நீ அங்க குந்திகினு ஐடியா குடுப்ப.”

கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, ஊரப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் திங்கட்கிழமை வேலைக்குச் சேர்வதாகச் சொன்னான். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று.

“ராத்திரில, லீவுல நம்மளத பாத்துக்கலாம்ல?”

“முடியாது மச்சான். வூட்ல உக்காந்து எழுதறது கூட அவங்களுதுதான்னு போட்டுகீது. நான் ஒரு வரி எழுதினாலும் நம்ம மென்பொருளுக்குத்தான் வில்லங்கம். சாவி மொத்தம் உன்கிட்ட குடுத்துடறேன். நீ வச்சிக்கோ.”

அந்த மணலிலேயே என் அலைபேசிக்குக் கடவுச்சொற்களை அனுப்பினான். பிறகு மீன் வறுவல் சாப்பிட்டோம். காசை அவனே கொடுத்தான்.

இங்கே திரும்பி, பாக்கி வரியைத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் காஞ்சனா டீச்சர் அழைத்தார். “தம்பி, புது போன் வாங்கினேன், அதுல இது ஓப்பனே ஆவ மாட்டேங்குது. பத்தாவது பசங்களுக்கு ரிவிஷன் கீது. எப்போ சரியாவும்?” பார்க்கிறேன் டீச்சர் என்றேன். பழுது இருப்பது ஏழுமலை எழுதிய பகுதியில். அவனைப் போல எனக்கு அது பழக்கமில்லை. அவனிடம் கேட்கவும் கூடாது. மூல நிரல் இணையத்தில் இன்னும் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கிறது, எடுத்துத் திருத்த ஒருவரும் வரவில்லை. வெளிநாட்டில் உட்கார்ந்து இப்படி ஏதாவது தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல சேதி இல்லை. இரண்டு நாட்டிலும் வரியில்லாமல், அனுமதியில்லாமல் செய்ய எனக்கு மிச்சமிருப்பது சும்மா உழைப்பது மட்டும்தான். அதற்கும் காலை டிராமில் கிடைக்கும் நேரம்தான் இருக்கிறது. நான் பழுதைச் சரிசெய்வதற்குள் டீச்சரின் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்துவிடும்.

இன்று காலை ஒரு திருத்தம் செய்து, சரியாயிற்றா என்று பார்க்க எதையாவது தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ‘எப்ப மச்சான் வூட்டுக்கு வர?’ என்று தட்டினேன். காதில் ஏழுமலை பேசினான். அவன் பதிவு செய்ததெல்லாம் பாடப்புத்தகத் தமிழ். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, முன்பின் தெரியாத ஆளிடம் முகவரி விசாரிக்கிறவனைப் போல, அவன் குரலிலேயே என்னைக் கேட்டான். அடுத்த நிறுத்தத்தின் பெயரை டிராம் பிசிறில்லாத ஜெர்மனில் அறிவித்தது. நான் இறங்க வேண்டிய இடம் அதுதான்.