தரை தொடாத கால்கள்

திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் ஏகாம்பரம் கண்டக்டர். நின்றபடியே கண்ணயரக்கூடிய மனிதர். கண் மூடியிருந்தாலும் அடுத்த ஊர் வருவது அவர் பாதத்துக்குத் தெரியும். சந்திரகிரி தாண்டினால் சாலை ஒரு மாதிரி முனகும், குடிபாலா நெருங்கினால் வேறு மாதிரி. குடிபாலாவில்தான் வீடு. சுற்றுவட்டாரத்துப் பையன்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் பையும் கையுமாய் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வழியனுப்ப வந்தவர்களிடம் தமிழில் விடைபெறுவார்கள். சீட்டில் உட்கார்ந்து செல்போனை எடுத்ததும் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள்.

இடுப்பு வலித்தபோது பஸ் குலுக்கல் என்றே நினைத்தார். மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மழைக்காலத்தை ஓட்டினார். பிறகு முகம் வெளுத்தது, படியேற மூச்சு வாங்கியது. வேலூரில் எலும்பு மஜ்ஜையை உறிஞ்சிப் பார்த்துவிட்டு மைலோமா என்றார் டாக்டரம்மா; மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். ஏகாம்பரம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் மனைவி ரத்னம்மாவிடம் பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மகள் கீர்த்தி திருப்பதியில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். முதல் ஊசி போட்ட மத்தியானம், ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து அந்த மருந்தைப் பற்றி அவருக்குச் சொன்னாள்.

"செல்லுக்குள்ள ஒரு புரதம் கீது, நைனா. 'வளரு, ரெண்டாப் பிரி'ன்னு சேதி கொண்டுபோறது அதுதான். அத்த ஓடவுடாம இன்னொரு புரதம் காவக்காரன் மாதிரி புடிச்சி வெச்சிக்கினு கீது. சேதி போவணும்னா செல்லு அந்தக் காவக்காரன நறுக்கிப்புடும்."

"நறுக்கறது எது?"

"அதுக்குன்னே உள்ள ஒரு மெஷின் கீது. பழசு, ஒடஞ்சது எல்லாத்தயும் நறுக்கித் தள்ளும். இந்த நோவுல காவக்காரன நறுக்கிக்கினே கீது, சேதியும் நிக்காமப் போய்க்கினே கீது. ஊசி அந்த மெஷின நிறுத்துது. காவக்காரன் பொழச்சிக்குவான். நறுக்காத கூளம் சேந்து கெட்ட செல்லு செத்துப்பூடும்."

அவர் ஊசி போட்ட இடத்தைத் தடவினார். "நல்ல செல்லு?"

"அதுக்கும் கொஞ்சம் அடி வுழும்," என்றாள்.

அந்த மாதங்களில் அவருக்குப் பகலும் கனவும் ஒன்றோடொன்று கலந்து போயின. ஊசி போட்ட மறுநாள் திண்டில் சாய்ந்திருப்பார். கண்ணை மூடினால் ஒரு பஸ் வரும். உள்ளே கண்டக்டர் இல்லை, விசில் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கும். பஸ் எந்த ஊரிலும் நிற்காமல் மாந்தோப்புகளுக்கு நடுவே ஓடும். சன்னலோரத்து முகங்கள் எல்லாம் அவருடைய முகமே. போகப்போக விசில் மெலிந்தது. வலியும் மெலிந்தது. ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். ஏகாம்பரம் டியூட்டிக்குத் திரும்பினார்.

ஆனால் பாதம் மரத்துவிட்டது. பஞ்சின்மேல் நடப்பது போலிருந்தது. அது சுகமாகக்கூட இருந்தது, தரைக்குச் சற்று மேலே மிதந்து போவதுபோல. சந்திரகிரி எப்போது போனது என்று தெரியவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், விசில் மறுபடி கேட்கத் தொடங்கும் என்று பயந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆபீசுக்கு நடந்தார். ஒரு செருப்பு படியிலேயே கழன்று கிடந்தது அவருக்குத் தெரியாது. தார் கொதித்துக்கொண்டிருந்தது. பூ விற்கிற ஜெயம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது தோல் கொப்புளித்துக் கிடந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல அவர் பார்த்தார்.

ரத்னம்மா அன்று திட்டவில்லை. புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல," என்றாள்.

டாக்டரம்மா மருந்தை நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து, வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போடச் சொன்னார். இப்படிப் போட்டால் நரம்பு அவ்வளவு கெடாது என்றார். கண்டக்டர் வேலை முடியாது என்று எழுதிக் கொடுத்தார். டிப்போவில் அவரை பஸ் ஸ்டாண்ட் விசாரணைக் கூண்டில் உட்கார வைத்தார்கள். எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்று மைக்கில் தெலுங்கில் சொல்லி, வேலூர் ஜனங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். கீர்த்தி மருந்து கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து ஐதராபாத் போனாள்.

நோய் அடங்கியே இருந்தது. திரும்பி வரலாம் என்று அவருக்குத் தெரியும். மார்கழியில் ஒரு விடியற்காலை, கோலம் போடுமுன் ரத்னம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் வெறுங்காலோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சோத்தாங்கால்ல ஜில்லுனு கீது," என்றார்.

ரத்னம்மா நிமிர்ந்தாள். "பீச்சாங்கால்ல?"

"இன்னும் இல்ல."

அவள் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அந்த இடது காலில் மெல்ல ஊற்றினாள். இருவரும் காத்திருந்தார்கள்.