முயல் மாமாவின் ஒன்பது விநாடி

என் கணவருக்கு முயல் மாமா என்று பெயர். வைத்தது பிள்ளைகள். இருபத்திரண்டு வருடமாக மேஜிக் செய்கிறார், ஒரு நாளும் முயல் வைத்திருந்ததில்லை. முயல் பக்கத்தில் வந்தாலே தும்முவார். ஆனாலும் பிறந்தநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, முயல் எங்கே என்பதுதான். "இப்பதான் வெளிய போச்சு, வந்துரும்" என்பார். அது வருவதற்குள் கயிறு, மோதிரம், சீட்டு, கைக்குட்டை எல்லாம் முடித்துக் கைதட்டு வாங்கிவிடுவார்.

பதினேழு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியும் ஒரு வித்தையின் ரகசியம்கூட எனக்குத் தெரியாது. சமையலறையில் எதிரே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் அவர் கையையே பார்த்திருக்கிறேன். கையில் இருந்த எலுமிச்சம்பழம் காணாமல் போகும். கேட்டால் சிரிப்பார். கோபத்தில் ஒருமுறை அவர் கோட்டுப் பையைத் துழாவினேன். பழைய பேருந்துச் சீட்டுகள்தான் கிடைத்தன. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, சட்டத்தில் உட்கார வைத்து, கடுகளவு திருகாணியை முடுக்குவது என் தொழில். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவள் சொந்த வீட்டில் ஏமாந்துகொண்டிருந்தேன்.

அவருக்கு நிகழ்ச்சிகள் பிடித்துத் தந்தது ஒரு மேடை ஏற்பாட்டாளர். அந்த மனிதர் தொழிலை மூடிவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தங்கப் போய்விட்டார். அதோடு எங்கள் வீட்டுத் தொலைபேசியும் வாயை மூடிக்கொண்டது. மாதம் எட்டு, பத்து என்றிருந்த நிகழ்ச்சி இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் அதுவும் இல்லை என்றானது. என் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். நிலைமையைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தான்.

"மாப்ளைக்குப் பேச்சு நல்லா வருது. கடையில ஒருத்தன் மூணு மாசத்துல நின்னுக்கறான். அந்த எடத்துல இவரப் போட்டுக்கறேன். அதுக்கு மேல என்னால காலியா வச்சிருக்க முடியாதும்மா" என்றான்.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. கூப்பிட்டு வேலை கொடுக்கிறவன் இந்தக் காலத்தில் எவன் இருக்கிறான்? ஆனால் டைல்ஸ் கடைக்குக் கூட்டம் வருவது சனி, ஞாயிறு. மேஜிக்குக்கும் அதே சனி, ஞாயிறுதான். கடையில் போய் நின்றால் வித்தையை மூட்டை கட்ட வேண்டியதுதான். இவர் "சரி மச்சான்" என்றார். அன்று மாலை வெள்ளி மோதிரங்களைத் துணியால் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். 

அன்றிரவே ஓர் இணையதளத்தை நான்தான் தேடிப் பிடித்தேன். பாடுகிறவர், ஆடுகிறவர், மேஜிக்காரர் எல்லாரையும் விசேஷத்துக்கு வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யலாம். பார்க்கிறவர்களுக்கு இலவசம், இடம்பெறும் கலைஞர்தான் கட்டணம் கட்ட வேண்டும். இவருடைய சிநேகிதர் பலூன்காரர் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணி, அது ஆழம் தெரியாத கெணறு. நான் போன வருஷமே கட்டித் தொலைச்சேன். ஒரே ஒரு ஃபோன் வந்துச்சு. பலூன் மொத்தமா எடுத்தா என்ன வெலைன்னு கேட்டான்."

"அழுத புள்ளைதான் பால் குடிக்கும். இவரு வாயத் தெறந்து அழ மாட்டாரு, அதான் நான் அழறேன்" என்று சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டி மாற்ற வைத்திருந்த பணத்தில் மூன்று மாதத்துக்குக் கட்டினேன்.

தளத்தில் இவருக்கான பக்கத்தில் போடுவதற்கு ஒரு வீடியோ கேட்டார்கள். அவரே எடுத்துக் கொடுத்தார். கடையில் எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை. திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன்.

ஒரு மாதம் ஈ காக்கை வரவில்லை. பக்கத்தைப் பார்த்தவர்கள் நூற்று நாற்பது பேர் என்று கணக்குக் காட்டினார்கள், கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவர்கள் உதவி எண்ணை அழைத்து, பிடி பிடியென்று பிடித்தேன். மறுமுனையில் இருந்த பெண் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"மேடம், உங்க வீடியோவ எல்லாரும் ஒம்போது செகண்ட்ல மூடிட்டுப் போறாங்க. நீங்க அதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். என் கணவரின் முகம். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கழுத்து தெரிந்தது, டை தெரிந்தது. அதற்குக் கீழே படமே இல்லை. தோள் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது. பாத்திரம் துலக்குகிறாரா, மேஜிக் செய்கிறாரா என்று சத்தியமாக யாராலும் சொல்ல முடியாது. நாலு நிமிடம் முழுக்க இதுவேதான்.

"கை எங்கங்க?" என்றேன்.

"கையக் காட்டினா, ஒருத்தன் நிறுத்தி நிறுத்திப் பாப்பான். பின்னாடி ஓட்டிப் பாப்பான். மேடையில என்னை எவனாவது பின்னாடி ஓட்ட முடியுமா?"

"அதுக்காக? கையில்லாத மேஜிக்க எவன் காசு குடுத்துப் பாப்பான்?"

"ஒரு தடவ ரகசியம் போச்சுன்னா போச்சு. அப்பறம் நான் யாரு?"

காசைக் கரியாக்கினீர்கள் என்றேன். என்னைக் கேட்டா கட்டினாய் என்றார். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் டொக்கென்று பேசியது.

நான்காம் நாள் கடைக்கு ஒரு பெரியவர் மகளோடு வந்தார். புதுக் கண்ணாடியை அவர் காதில் மாட்டி, எதிரே எழுத்து அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். எல்லாருமே இப்படித்தான். கண்ணாடி நன்றாக இருக்கிறதா என்பதைக் கூட வந்தவர் முகத்தில்தான் படிப்பார்கள். தினமும் காண்கிற காட்சிதான், அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கையைக் காட்ட வேண்டாம் என்கிறாரா, சரி, காட்ட வேண்டாம்.

அந்த வாரம் தெரிந்தவர் வீட்டில் ஒரு பிறந்தநாள். நானும் கூடப் போனேன். அவருக்கு முதுகைக் காட்டி மேடையோரத் தரையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருந்தவர்களை வீடியோ எடுத்தேன். சிரிக்கவே கூடாது என்ற முடிவோடு கைகட்டி நின்ற ஒரு பெரிய பையன் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை அவிழ்த்தான். கேக் வெட்ட வந்த அம்மா கத்தியோடு அப்படியே நின்றாள். தட்டு எடுத்துப் போக வந்த பணியாள் தட்டை மறந்தார். ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று.

எனக்கு அழுகை வந்தது. பதினேழு வருடமாக இந்த மனிதரின் கையைப் பிடித்துவிட வேண்டும் என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கை எதிரே இருப்பவர்களை என்ன செய்கிறது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தப் படத்தை ஏற்றினேன். பின்னால் ஏதோ சினிமாப் பாட்டு ஓடியதால் ஒலியை அனுமதிக்க முடியாது என்றார்கள். ஒலியே வேண்டாம் என்று வெட்டிவிட்டேன். இந்த முறை ஐந்தாம் நாளே ஒரு விசாரிப்பு வந்தது. முதலில் பதில் போடுகிறவரைத்தான் அந்தத் தளம் மேலே தூக்கிக் காட்டும். இவருக்கு எழுத உட்கார்ந்தால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி முடிக்கவே அரை மணி ஆகும். அதனால் கடையில் ஒரு லென்ஸுக்கும் அடுத்த லென்ஸுக்கும் நடுவில் நானே பதில் போட்டேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மீதி இரண்டு மாதம் முடியப்போகும்போதும் வந்திருந்தது ஐந்தே நிகழ்ச்சிகள். ஒன்று கடைசி நேரத்தில் ரத்தாகிவிட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. பார்த்தவர்களில் இரண்டு பேர் மட்டும் எங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த விசேஷத்துக்கு நேரடியாகக் கூப்பிடுகிறோம் என்றார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல, அண்ணி" என்றார் பலூன்காரர். அண்ணன் கடையில் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும். இவர் இரண்டு முழுக்கைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன்.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது அந்தத் தளத்தின் வழியாக ஒரு செய்தி வந்தது. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியை எழுதியிருந்தார். அவருக்கும் காது கேட்காதாம். "நிறையப் பேருடைய வீடியோவைப் பார்த்தேன். எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உங்களுடையது ஒன்றுதான் எனக்கு முழுவதும் புரிந்தது. எங்களுக்கு ஒரு நிகழ்ச்சி செய்ய முடியுமா?" என்று இருந்தது.

அரை நாள் விடுப்பு போட்டு நானும் போனேன். நீளமான வகுப்பறை, சுவரோரமாகத் தள்ளி வைத்த பெஞ்சுகள், தரையில் அறுபது பிள்ளைகள். இவர் வழக்கம்போல வாயைத் திறந்து, பேசிப் பயனில்லை என்று நினைவு வந்து மூடிக்கொண்டார். அவருடைய வித்தையில் பாதி வாயில்தான் இருக்கிறது. வாய் பேசும்போது நம் கண் முகத்துக்குப் போகும், அந்த நேரத்தில் கை தன் வேலையை முடித்துக்கொள்ளும். இங்கே ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாள் முழுக்கக் கையாலேயே பேசி, கையையே படித்துப் பழகிய பிள்ளைகள். அறுபது ஜோடிக் கண்ணும் அவர் விரலில் இருந்தது.

சிவப்புப் பந்தை இடது கைக்கு மாற்றி மூடினார். மூடிய கையை அவர் ஊதுவதற்கு முன்பே இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து அவருடைய வலது கையைக் காட்டினாள். அடுத்த கணம் அறுபது விரலும் அங்கேயே நீண்டன.

 இருபத்திரண்டு வருடத்தில் அவரை யாரும் பிடித்ததில்லை. கடைசி நிகழ்ச்சியிலா இப்படி ஆக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் வலது கையை விரித்து நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் பந்து இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். அறை முழுக்கக் கைகள் மேலே எழுந்து படபடவென்று அசைந்தன. அவர்கள் கைதட்டுவது அப்படித்தானாம்.

இரண்டாவதையும் பிடித்தார்கள். மூன்றாவது, கயிறு. வெட்டிய கயிறு முழுசாக ஒட்டிக்கொண்டது, அதை மட்டும் ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. இன்னொரு முறை என்று கேட்டார்கள். ஒரே கூட்டத்துக்கு முன்னால் ஒரே வித்தையை இரண்டாம் முறை செய்யக் கூடாது என்பது மேஜிக்காரர்களின் முதல் விதி. நான் கெஞ்சியே எனக்குச் செய்து காட்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான்கு முறை செய்தார். நான்காவதில் இரட்டைப் பின்னல் பிடித்துவிட்டாள். கோட்டு முதுகு வியர்வையில் நனைந்து நின்ற மனிதர், பத்து வயது குறைந்தவர்போல் சிரித்தார்.

ஆசிரியை கைப்பேசியில் தட்டிக் காட்டினார். "இவர்களை நாலு வரி எழுத வைக்க நான் படாத பாடு இல்லை. வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை, இந்த வருடம் முழுவதும் வர முடியுமா? நீங்கள் ஏமாற்றுங்கள். எப்படி ஏமாற்றினீர்கள் என்று இவர்கள் எழுதட்டும். ஊதியம் பள்ளி தரும்."

வருகிற வழியில் பேருந்தில் இவர் சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "வாரா வாரம் அறுபது பேரு என் ரகசியத்த எழுதி வைப்பாங்க" என்றார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. கைய இன்னும் பழக்கணும். இத்தன வருஷமா வாய வச்சே ஒப்பேத்திட்டேன்" என்றார். இறங்கும் இடம் வந்ததைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் விரல்கள் மடியில் ஏதோ புதிதாகப் பழகிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தோம். பள்ளி தருவது, நேரடியாகக் கூப்பிட்ட இரண்டு பேர், என் சம்பளம். எல்லாம் சேர்த்தாலும் டைல்ஸ் கடை வருமானத்துக்கு ஒரு படி கீழேதான். இழுத்துப் பிடித்தால் ஓட்டலாம். "மச்சானுக்குச் சரின்னு சொன்னவன் நான். ஆனா உன் அண்ணன், நீயே சொல்லு" என்றார்.  கைப்பேசியை எடுத்து அந்தத் தளத்தில் இருப்பதிலேயே மலிவான திட்டத்துக்கு மறுபடி கட்டினேன். வந்திருந்த பலூன்காரருக்குப் பொறுக்கவில்லை. "தெரிஞ்சே விழறீங்களே அண்ணி" என்றார்.

"வீட்டுத் தரகரு வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போவாரு, தம்பி. வாடகையப் பேசி, குடியேறறது நம்ம பாடு. மொதல்ல உங்க பலூனப் பாக்கற பிள்ளைங்க மூஞ்சிய எடுங்க" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

மறுநாள் காலை இவர் பெட்டியோடு பள்ளிக்குப் போன பிறகு, எட்டரைக்கு அண்ணன் அழைத்தான்.

"என்னம்மா, மாப்ள கெளம்பிட்டாரா? பத்து மணிக்குக் கடையத் தெறக்கணும்."

"இல்லண்ணா. அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்க. கோவிச்சுக்காத. அவரு வேலைக்குப் போயிட்டாரு."

"வேலைக்கா? எங்க சேர்ந்தாரு?"

அண்ணனிடம் இதுவரை எத்தனையோ முறை நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறார், வெளியே போயிருக்கிறார் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"புதுசா எங்கயும் சேரலண்ணா. இருபத்திரண்டு வருஷமா அதே வேலைதான்" என்றேன்.