காலியாக இருக்க வேண்டிய குளம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு நகரசபையில் எழுதுவினைஞர் வேலை. அதோடு ஒரு குளமும் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் சின்ன டவுனுக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்தின் தேயிலை மலை முடிகிற இடத்தில், சபைக்குச் சொந்தமான மண் அணை ஒன்று இருந்தது. அதன் மதகுச் சக்கரத்தைப் பூட்டிவைக்கும் சாவி என் மேசை லாச்சியில் கிடந்ததால் குளத்துக்கும் நானே பொறுப்பு என்று ஆயிற்று. பொறுப்பு ஒன்றே ஒன்றுதான்: குளத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது.

மலையில் கொட்டுகிற மழை ஒரே மூச்சில் இறங்கிக் கடைவீதிக்குள் புகுந்துவிடாமல் தடுத்து, மதகு வழியாகக் கால்வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்காகக் கட்டிய குளம் அது. தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது புரிய எஞ்சினியரிங் படிப்பு வேண்டாம். ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே வைக்கிற வாளியை யாராவது முன்கூட்டியே நிரப்பி வைப்பார்களா? மேலதிகாரி சிங்கள மாத்தயா இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "வதுர எபா." தண்ணீர் வேண்டாம். வேலைக்கான பயிற்சி அத்தோடு முடிந்தது.

காலியான குளத்துக்குக் காவல் இருப்பவனுக்கு மரியாதை கிடையாது. குளத்துக்குள் மாடுகள் மேய்ந்தன. "என்ன தம்பி, புல்லு பத்திரமா இருக்கா?" என்று தோட்டத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள். பொலிஸ்காரர்களுக்கோ நேர்மாறான கவலை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழன் அணைக்கட்டில் நின்று கீழே டவுனைப் பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு நல்ல காட்சி அல்ல. கட்டின் மேல் நிற்க எனக்கு அனுமதி உண்டு என்று சிங்களத்தில் ஒரு கடிதம் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். உலகத்தில் நிற்பதற்குக் கடிதம் வைத்திருந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

அந்த வருடம் பங்குனியில் தோட்டத்துக் கோயில் தலைவர் சபைக்கு வந்தார். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்க, அதாவது குடத்தில் நீர் மொண்டு பூக்கட்டி அம்மனை அதில் இறக்க, தண்ணீர்க்கரை வேண்டும். வழக்கமான ஓடையில் மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள் மண் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓடை பால்தேநீராக ஓடியது.

"அந்தத் தண்ணியில கரகம் பாலிச்சா ஆத்தா மூஞ்சிய திருப்பிக்குவா தம்பி. நம்ம கொளத்த ஒரு பத்து நாளைக்கு அடைச்சி வைங்க."

"நம்ம கொளம் இல்லீங்க தலைவர், சபைக் கொளம்."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

நான் மறுத்திருக்க வேண்டும். மாத்தயா வேறு லீவில் இருந்தார். சில நல்ல புத்தகங்களைப் படித்திருந்ததும் என்னைக் கெடுத்தது. அவற்றில் வந்த குளங்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது. அன்று பின்னேரமே போய் மதகை மூடினேன்.

ஐந்தாம் நாள் மாடுகள் கரையேறின. ஏழாம் நாள் ஜோடிகள் உலாவ வந்தார்கள். கடலைக்காரர் ஒருவர் வண்டியைக் கட்டின் மேல் ஏற்றினார். என்னவோ நானே ஊற்றி நிரப்பியதைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தேன். கடிதத்தை யாரும் கேட்கவில்லை.

கரகம் பாலிக்கும் நாள் மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. சுவாமி ஐந்து மணிக்கு வரும். குளம் வடிய எப்படியும் மூன்று மணி நேரம் வேண்டும். மூன்றுக்கே திறந்திருக்க வேண்டியவன், மேகம் பக்கத்து ஊரான கலவானப் பக்கம் போய்விடும் என்று நாலரை வரை நம்பிக்கொண்டு நின்றேன். மழை தோட்டத்துத் தப்புச் சத்தத்தோடு சேர்ந்தே வந்தது.

ஊர்வலம் அணைக்கட்டில் ஏறியபோது தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. மறுபக்கத்திலிருந்து குடையும் தூக்கிக் கட்டிய சாரமுமாக ஒருவர் ஓடிவந்தார். கீழ்க் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன்; டவுனே அவரை நானா என்றுதான் கூப்பிடும். சித்திரை வருடப் பிறப்புக்குக் கொழும்பிலிருந்து இறக்கிய துணியெல்லாம் அவருடைய கடைத்தரையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. தண்ணீர் மதகால் போனால் கால்வாய் ஓரளவு தாங்கும். கட்டின் மேலால் வழிந்தால் முதலில் நனைவது அந்தத் துணிதான்.

"தம்பி, தொறங்க. இப்பவே தொறங்க."

பூட்டைக் கழற்றிச் சக்கரத்தைப் பிடித்தேன். மறுபக்கத்தைத் தலைவர் பிடித்துக்கொண்டார்.

"அரை மணி நேரம் பொறுங்க. சாமி வந்து நிக்கிது."

"அரை மணித்தியாலத்தில எண்ட கட சாமிக்கிட்ட போயிரும் தலைவர்."

"கரகத்த இன்னும் கட்டவே இல்ல நானா. தண்ணிய வடிச்சிட்டு சேத்துலயா பாலிக்கிறது? எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்குல்ல."

நான் வலப்பக்கம் திருப்ப, அவர் இடப்பக்கம் திருப்ப, சக்கரம் இருவருக்கும் பொதுவாக அசையாமல் நின்றது. நூறு பேர் நனைந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தப்படிப்பவர்கள் எங்கள் இழுபறிக்கு ஏற்றபடி அடியை மாற்றியதாகக்கூட எனக்கு நினைவு.

அப்போது பூசாரிக்கு அருள் வந்தது. மற்ற நாட்களில் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு எரிக்கிறவர். மழையில் நின்று பழக்கமில்லாத உடம்பு. தலையை ஆட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். அருள் வந்தால் குறை கேட்டாக வேண்டும். அதுவும் முறைதான். தலைவர் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்தபடியே மற்றக் கையை நெஞ்சில் வைத்தார்.

"தாயே, என்ன கொறை? சொல்லு."

"கதவப் பத்தி கேளுங்க தலைவர்," என்று நானா குடைக்குள்ளிருந்து அவசரப்படுத்தினார். "விவரமா கேளுங்க."

"கொளத்துக் கதவ தொறக்கலாமா தாயே?"

ஆத்தா பற்களை நறநறவென்று கடித்தாள். பிறகு சொன்னாள்: "மேலேர்ந்து நானே ஊத்திக்கிட்டு நிக்கிறேன். ஒனக்கு எதுக்குடா கொளத்துத் தண்ணி?"

தலைவர் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "தள்ளுங்க தம்பி, ஒங்களுக்கு பலம் பத்தாது," என்று என்னை விலக்கிவிட்டுத் தானே சக்கரத்தைச் சுழற்றினார். கரகம் கட்டின் மேலேயே, கொட்டுகிற மழையில் பாலிக்கப்பட்டது. பிறகொரு நாள் பூசாரியிடம் விசாரித்தேன். அருள் வந்தபோது பேசியது எதுவும் தமக்கு நினைவில்லை என்றார். வழக்கமாக அப்படித்தானாம்.

நானும் நானாவும் கடைக்கு ஓடினோம். கட்டுகளை அலுமாரிமேலும் மேசைமேலும் ஏற்றினோம். இடமில்லாதவற்றை எங்கள் மேலேயே ஏற்றிக்கொண்டோம். கால்வாய் நிரம்பித் தளும்பி, தண்ணீர் வீதிக்கு வந்தது. கடைக்கு மூன்று படி. முதல் படி மறைந்தது. இரண்டாவதை நக்கியது. ஆளுக்கொரு சீத்தைத் துணிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் படியையே பார்த்தோம். மழை விட்டது. வெகுநேரம் தண்ணீர் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடைசியில் முதல் படியின் விளிம்பு மெல்லத் தலைகாட்டியது.

இனியும் மறைப்பது சரியில்லை என்று பட்டது. "நானா, மதகை மூடினது நான்தான். பத்து நாளைக்கு முன்னாடியே."

"தெரியும். முழு டவுனும் போய்ப் பாத்திட்டு வந்திச்சே."

"அப்ப ஏன் வந்து சத்தம் போடல?"

நானா மடியிலிருந்த கட்டைத் தட்டிச் சரிசெய்தார். வீதியில் வடிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சத்தம் போடத்தான் வெள்ளிக்கிழம வந்தன். தண்ணிய பாத்தன். ஷோக்கா இருந்திச்சி. கடல வாங்கித் திண்டிட்டு திரும்பிட்டன்."